அரிப்போடு சிறுநீரகமும் சர்க்கரையும்: நோயுள்ள பூனையைப் பார்த்துக்கொள்ள எதை முதலில், எதை அடுத்து

பூனை ஓயாமல் சொறிகிறது. கழுத்தில் புண், வாலடியில் முடி இல்லை. போன மாதம் போட்ட ஊசியில் பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. புதுச்சேரியிலும் கடலூரிலும் பூனை வளர்ப்பவர்கள் உதவி கேட்டு வரும்போது கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பூனைக்கு வயதாகியிருந்தால் இதோடு இன்னொன்றும் சேரும்: நிறையத் தண்ணீர் குடிக்கிறது, இளைத்துக்கொண்டே போகிறது.

இந்தப் பூனைகள் பலவற்றுக்கு மருந்துக்குக் குறைவில்லை. வரிசைதான் தப்பியிருக்கும். ஒரே வாரத்தில் தீனியை மாற்றி, ஷாம்பு போட்டு, ஊசியும் போட்டால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். அதற்குரிய காலத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. நோட்டும் தராசும்

மருந்துக்கு முன்னால் ஒரு நோட்டு வேண்டும். தேதி, எடை, சாப்பிட்டது, குடித்தது, சிறுநீர், மலம், அரிப்பு எவ்வளவு, அன்று கொடுத்த மருந்து, இவ்வளவும் ஒரு வரியில் அடங்கிவிடும். அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். மெதுவாகக் குறையும் அரிப்பு தினமும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, நோட்டில் தெரிந்துவிடும்.

எடைக்குக் குழந்தைகளை நிறுக்கும் டிஜிட்டல் தராசு நல்லது. பூனையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் நூறு, இருநூறு கிராம் வித்தியாசம் காணாமல் போய்விடும். 4 கிலோ பூனையில் 200 கிராம் என்றால் உடம்பில் 5 சதவீதம். வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன், ஒரே நேரத்தில் நிறுங்கள்.

அப்புறம் அரிப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். வாலடியும் இடுப்பும் என்றால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்பட வேண்டும். காது ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று தடித்த பொருக்கு பரவினால் சொறிப்பூச்சி. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி. மூக்கின் மேலும் காது வெளிப்புறத்திலும் மட்டும் சின்னச் சின்னப் புண் இருந்தால் அது கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். அந்திக்குப் பிறகு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ உட்கார்ந்திருக்கும் பூனைகளுக்கு இது வரும். சாயங்காலத்திலிருந்து விடியும் வரை வலை போட்ட ஜன்னலுக்குள் வைத்தால் புண் தானாக ஆறத் தொடங்கும், காரணமும் தெரிந்துவிடும்.

அடிவயிறு வழுவழுவென்று முடியில்லாமல் இருக்கிறது, ஆனால் பூனை சொறிந்து யாரும் பார்த்ததில்லை என்றால், அது தனியாக இருக்கும்போது நக்குகிறது என்று அர்த்தம். பூனைகள் அரிப்பை மறைத்துக்கொள்ளும். மிச்சமுள்ள முடியின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். முள்ளாகக் குத்தினால் நக்கி நக்கி முறித்திருக்கிறது. சிறுநீர்ப்பை வலியிலும் பூனை அடிவயிற்றை இப்படி நக்கும் என்பதையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

வெள்ளைப் பூனையின் காது நுனியில் மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் இந்த வரிசைக்கே காத்திருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் வெள்ளைக் காதுகளுக்குத் தோல் புற்று வரும். நேரே டாக்டரிடம் காட்டுங்கள்.

2. இன்றே நிறுத்த வேண்டியவை

வேப்பெண்ணெய், கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய், மஞ்சள் விழுது. நம் வீடுகளில் புண் என்றதும் கை இவற்றைத்தான் தேடும். பூனை தன் உடம்பில் பட்ட எல்லாவற்றையும் நக்கி விழுங்கிவிடும், அதனால் தோலில் பூசுவது வாயில் ஊட்டுவதற்குச் சமம். கற்பூரம் பூனைக்கு நஞ்சு. டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களும் நஞ்சுதான். இவற்றை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது.

பினாயில் போட்டுத் தரை துடைப்பதையும் இன்றோடு விடுங்கள். பூனை அந்தத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும். வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். எறும்புச் சாக்பீஸ் கோடு, கரப்பான் ஸ்பிரே இரண்டும் பூனை புழங்கும் இடத்தில் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்து. பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தை அளவைக் குறைத்துப் பூனைக்குப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போகும். தெரியாமல் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உடனே கழுவி, ஈரம் துடைத்து, டாக்டரிடம் ஓடுங்கள்.

பாராசிட்டமால் ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. நம் காய்ச்சல் மாத்திரை பூனையின் ரத்தத்தையே கெடுத்துவிடும். நமக்கு வாங்கிய படர்தாமரை களிம்பும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது பூஞ்சைக்குத் தீனி போடும்.

3. கண்ணில் படாவிட்டாலும் தெள்ளிலிருந்து தொடங்குங்கள்

“எங்கள் வீட்டில் தெள்ளு இல்லை, நான் பார்த்ததே இல்லை” என்று சொல்லாதவர் குறைவு. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடி போதும், வாரக்கணக்கில் அரிக்கும். அது நக்கி நக்கியே தெள்ளையும் விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குச் சிக்காது.

பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பால் வாலடியில் வாருங்கள். வரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். சுற்றிச் செம்பழுப்பாகக் கறை ஊறினால் அது தெள்ளின் எச்சம், உள்ளே இருப்பது பூனையின் ரத்தம். கறை வராவிட்டாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பூனைக்கென்றே தயாரித்த மருந்தை, எடைக்கு ஏற்ற அளவில், டாக்டர் எழுதியபடி வாங்குங்கள். ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்றவை புழக்கத்தில் உள்ளன. கழுத்துக்குப் பின்னால், தலை சேரும் இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். முடியின் மேல் விட்டால் பாதி வீணாகும், முதுகில் கீழே விட்டால் நக்கிவிடும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குச் சீப்பு மட்டும் போதும், மருந்தை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இனிமேல்தான் பலர் சறுக்குகிறார்கள். பூனை மேல் இருக்கும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில் கிடக்கிறது: கயிற்றுமிதியடி, சோபா இடுக்கு, கட்டிலுக்கு அடியில், பாய்ச் சுருளுக்குள். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் தொடாது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். அதனால் மருந்து மாதம் தவறாமல் மூன்று மாதமாவது போக வேண்டும். ஒரு தடவை போட்டுவிட்டு “பலிக்கவில்லை” என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் அதே நாளில், அதற்கு அதற்கு உரிய மருந்தைப் போடுங்கள். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளுப் புழுவுக்கு வெளிச்சமும் வறட்சியும் ஆகாது. மூலை முடுக்கைப் பெருக்கிய குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் தெள்ளுக்கு ஓய்வு மாதம் கிடையாது. குளிர்நாடுகளுக்கு எழுதிய குறிப்புகளில் குளிர்காலத்தில் நிறுத்தலாம் என்று இருக்கும். இங்கே டிசம்பரிலும் போட வேண்டும். தெள்ளோடு நாடாப்புழுவும் வரும் என்பதால் புழு மருந்தையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

4. டாக்டரிடம் என்ன கேட்பது

தெள்ளு மருந்து தொடங்கிய கையோடு டாக்டரையும் பாருங்கள், மூன்று மாதம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். புதுச்சேரியில் குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான கேஸ் என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். தனியார் கிளினிக்கில் பூனைகளை அதிகம் பார்ப்பவர் யார் என்று அக்கம்பக்கம் பூனை வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கூடை, மூடியுடன். பைக்கில் மடியில் பிடித்துக்கொண்டு போவது வேண்டாம், ஒரு ஹாரன் சத்தத்தில் பூனை கைநழுவிவிடும். கூடையைப் புறப்படும் அன்று மட்டும் எடுத்தால் பூனை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். பழைய துணி போட்டு வீட்டில் எப்போதும் திறந்தே வையுங்கள். நோட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

முதல் சந்திப்பில் தோலைச் சுரண்டியும், டேப்பில் ஒட்டியெடுத்தும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமா என்று கேளுங்கள். பூச்சியும் கிருமியும் அதில் தெரியும், செலவும் குறைவு. படர்தாமரை சந்தேகம் இருந்தால் ஊதா விளக்கில் பார்ப்பார்கள். ஒளிராததால் இல்லை என்று ஆகிவிடாது, முடியைக் கல்ச்சருக்கு, அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினால் உறுதியாகும், முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

ஏழு வயதைத் தாண்டிய பூனை என்றால் ரத்தத்தில் சர்க்கரை, க்ரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), ரத்த அணுக்கள், கூடவே சிறுநீர்ச் சோதனை. இதை ஸ்டீராய்டுக்கு முன் செய்ய வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், படர்தாமரையைப் பரப்பும், சோதனை முடிவுகளையும் குழப்பும். நீண்ட நாள் நிற்கும் ஸ்டீராய்டு ஊசி இன்னும் சிக்கல், போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. “டாக்டர், ஊசிக்கு முன்னாடி சுரண்டிப் பார்த்துடலாமா, சர்க்கரையும் பார்த்துடலாமா?” என்று மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. சொறியும் படர்தாமரையும்

இரண்டும் மனிதருக்கும் வரும். அதனால் வீட்டில் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் இருந்தால் பூனையை ஓர் அறையில் தனியே வையுங்கள். அதற்காகக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடாதீர்கள். இரண்டும் தீரக்கூடிய நோய்கள்.

சொறிப்பூச்சி பயங்கரமாக அரிக்கும், வேகமாகப் பரவும், ஆனால் சரியான மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். தொட்ட மனிதருக்குக் கையில் சில நாள் அரிக்கும், பூனை குணமானால் பெரும்பாலும் தானே போய்விடும். ஐவர்மெக்டின் ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது, கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். காதுப்பூச்சிக்கும் டாக்டர் தரும் மருந்துதான். சுத்தம் செய்கிறேன் என்று பட்ஸை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போகும்.

படர்தாமரையில் அரிப்பு குறைவாக இருக்கலாம், வட்டமாக முடி உதிரும். பொறுமை வேண்டும். வாய்வழி மருந்து, மேலே பூசுவது அல்லது நனைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது மூன்றும் சேர்ந்து வாரக்கணக்கில் நடக்க வேண்டும். முடி முளைத்ததும் நிறுத்திவிடுவார்கள், ஆனால் கிருமி இன்னும் இருக்கும். உதிர்ந்த முடியில் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டாக்டர் மறு சோதனை செய்து சொன்ன பிறகு நிறுத்துங்கள்.

6. புண்ணை ஆறவிடுவது

காரணத்தைத் தேடும் வேலை வாரக்கணக்கில் நடக்கும்போது புண்ணைத் திறந்தே விடக் கூடாது. பின்கால் நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டுங்கள், சிவப்பு நரம்பு தெரியும் இடத்தைத் தொடாதீர்கள். பாதிப் புண்கள் அரிப்பால் தொடங்கி நகத்தால் பெரிதானவை.

கூம்புக் காலர் பிளாஸ்டிக்கில் பிடிக்காவிட்டால் துணியில் தைத்த மெத்தைக் காலர் போடலாம். அதோடு சாப்பிட முடிகிறதா என்று நின்று பாருங்கள். தட்டையான தட்டில் வைத்தால் எளிது. புண்ணை டாக்டர் சொன்ன க்ளோர்ஹெக்ஸிடின் கரைசலால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டெட்டால் வேண்டாம், பினாயில் வகைக் குடும்பம்தான் அதுவும்.

கிருமிக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் எழுதிய நாள் முழுக்கக் கொடுங்கள். சீழ் பிடித்த புண் ஆறினாலே அரிப்பு பாதியாகிவிடுவதைப் பார்ப்பீர்கள்.

7. உணவுச் சோதனை, நம் ஊர் முறையில்

தெள்ளும் பூச்சியும் பூஞ்சையும் கிருமியும் கழிந்த பிறகும் அரித்தால்தான் உணவுக்கு வர வேண்டும். பலர் இங்கிருந்து தொடங்கிவிடுகிறார்கள், அது வீண் செலவு.

பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாமல் போவது மாட்டிறைச்சி, மீன், கோழி. கடலூர்த் துறைமுகத்துப் பக்கமும் புதுச்சேரிக் குப்பங்களிலும் பிறந்ததிலிருந்து மத்தியும் காரப்பொடியும் தின்று வளர்ந்த பூனைக்கு மீனே ஒவ்வாமல் போகலாம். “இத்தனை வருஷமா இதைத்தானே சாப்பிடுது” என்பார்கள். பல வருடம் தின்ற பொருளுக்கும் ஒவ்வாமை வரும்.

ஒரு தீனியை விட்டு இன்னொரு பிராண்டுக்குப் போவது சோதனை ஆகாது, இரண்டிலும் கோழியும் மீனும் கலந்திருக்கும். டாக்டர் எழுதித் தரும் ஹைட்ரோலைஸ்டு தீனி, அதாவது ஒவ்வாமை வராதபடி புரதத்தை உடைத்துச் செய்த தீனி, ஒரு வழி. விலை அதிகம். இன்னொரு வழி, அந்தப் பூனை இதுவரை தின்றே இராத ஒரே ஓர் இறைச்சியை உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்துக் கொடுப்பது. ஆட்டுக்கறி பழக்கமில்லாத பூனைக்கு அது பொருந்தும். காடை வேண்டாம், கோழி ஒத்துக்கொள்ளாத பூனைக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வேகவைத்த வெறும் இறைச்சியில் கால்சியமும் டாரின் என்ற சத்தும் போதாது என்பதால் குட்டிக்கும் நோயுள்ள பூனைக்கும் டாக்டரோடு பேசிய பிறகே இதைத் தொடங்குங்கள்.

8 வாரம் வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. பால், கருவாட்டுத் துண்டு, சுவையூட்டிய மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக வைக்கும் மீன் தலை, எல்லாம் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய் “டாக்டர் சொன்ன பத்தியம் அக்கா, இரண்டு மாசம் மட்டும்” என்று சொல்லுங்கள். பத்தியம் என்ற சொல் நம்மவர்களுக்குப் புரியும், மதிப்பார்கள். வெளியே சுற்றும் பூனையாக இருந்தால் இந்த இரண்டு மாதம் வீட்டுக்குள் வைக்காமல் சோதனையே கிடையாது.

அரிப்பு குறைந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பழைய தீனியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில நாளிலோ இரண்டு வாரத்துக்குள்ளோ அரிப்பு திரும்பினால்தான் காரணம் உணவு என்று உறுதி. திரும்பாவிட்டால் குறைந்தது வேறு எதனாலோ, நீங்கள் விலை உயர்ந்த தீனியை ஆயுள் முழுக்க வாங்க வேண்டியதில்லை.

பூனை புதுத் தீனியை ஒரு நாள் முழுக்கத் தொடாவிட்டால் பிடிவாதம் பிடிக்காதீர்கள். “பசித்தால் தானா தின்னும்” என்பது பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

8. கடைசியில் மிஞ்சும் ஒவ்வாமை

தூசு, மகரந்தம், பூஞ்சை வித்து என்று சூழலால் வரும் ஒவ்வாமைக்கு ஒரே சோதனையில் பதில் கிடைக்காது. மற்றவை எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது இது. தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேகமாகக் கேட்கும். அரிப்பு அடங்கியதும் அளவைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று, கேட்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவருவார்கள். நாள்கணக்கில் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். சைக்ளோஸ்போரின் இன்னொரு மருந்து. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஒரு வாரத்தில் கைவிட வேண்டாம். தொடங்கும் முன் பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி வைரஸ்களுக்குச் சோதனை செய்ய வேண்டும். அதைச் சாப்பிடும் பூனைக்குப் பச்சை மீனும் பச்சைக் கறியும் எலி வேட்டையும் கூடாது, எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்.

தெள்ளு மருந்து இப்போதும் நிற்கக் கூடாது. ஒவ்வாமையுள்ள பூனைக்கு ஒரு தெள்ளுக் கடி சேர்ந்தால் மாத்திரை தோற்றுவிடும்.

9. கூடவே வேறு நோய் இருந்தால்

ஒரு நோய்க்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகம். வயதான பூனைகளில் அதிகம். மூன்றில் இரண்டு பங்கு வேலை போன பிறகுதான் வெளியே தெரியத் தொடங்கும். 4 கிலோ பூனை தினமும் 200 மில்லிக்கு மேல் குடித்தால் சோதனை செய்யுங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தால் கணக்கு வந்துவிடும். சிறுநீரகப் பூனைக்குப் பாஸ்பரஸ் குறைந்த தீனியும் நிறைய ஈரமும் வேண்டும். கருவாடு கூடவே கூடாது. மேலே சொன்ன ஆட்டுக்கறிப் பத்தியம் இந்தப் பூனைக்குப் பொருந்தாது, இங்கே சிறுநீரகம்தான் முதலில். அரிப்பை மருந்தால் அடக்கிவிட்டு, உணவுச் சோதனையை விட்டுவிடுவது பல சமயம் சரியான முடிவு. மெலாக்ஸிகாம் போன்ற வலி மருந்தைப் பழைய சீட்டைக் காட்டி நீங்களே திரும்ப வாங்காதீர்கள். அதையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, வயிற்றில் புண் வரும்.

தோலடியில் சலைன் ஏற்ற டாக்டர் வீட்டிலேயே கற்றுக்கொடுப்பார். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சலைன் உடம்பில் இறங்கினால் பூனை அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஓடும். இதய நோயும் உள்ள பூனைக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

சர்க்கரை. ஸ்டீராய்டு இதன் எதிரி. அரிப்புக்கு சைக்ளோஸ்போரின் பக்கம் போக முடியுமா என்று கேளுங்கள். இன்சுலினில் சிரிஞ்சு முக்கியம்: யு-40 மருந்துக்கு யு-40 சிரிஞ்சு, யு-100 மருந்துக்கு யு-100. மாறிப்போனால் அளவு இரண்டரை மடங்கு தப்பும். பூனை சாப்பிடாத அன்று வழக்கமான அளவைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தள்ளாடினால், துவண்டால் ஈறில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிவிட்டு ஓடுங்கள்.

வாய்ப்புண். எச்சில் வடிகிறது, சாப்பிட ஆசையோடு வந்து பின்வாங்குகிறது என்றால் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய் வலிக்கும் பூனை தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிடும். முடி சிக்குப் பிடித்து, பொடுகு கொட்டும், அதைத் தோல்நோய் என்று நினைத்து ஷாம்பு வாங்குவோம்.

தயிர்சாதத்திலேயே வளரும் பூனைகளும் உண்டு. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் தீர்வில்லை. வெங்காயமும் பூண்டும் அதில் ஊறியிருக்கும், இரண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

10. மாத்திரை கொடுக்கும் முறை

பூனையைத் துண்டில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிய வைத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையைப் பிடித்துத் தலையைச் சற்று உயர்த்தி, நாக்கின் அடியில் இல்லாமல் நாக்கின் பின்புறத்தில் மாத்திரையைப் போடுங்கள். உடனே சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தோரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும், டாக்ஸிசைக்ளின் இதற்குப் பேர் போனது.

எந்த மாத்திரையையும் பொடித்து முழுச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். கசப்பு தெரிந்தால் மருந்தும் போகும், அந்தச் சாப்பாட்டையே பூனை வெறுத்துவிடும்.

11. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். அடைப்பு. அதே நாளில் எடுக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம். இரவானாலும் கிளம்புங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, தூங்கும்போது நிமிடத்துக்கு 40 முறைக்கு மேல் மூச்சு, வலிப்பு, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொள்வது, ஈறு வெளுப்பது அல்லது மஞ்சளாவது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாதது. இவை எதுவும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற வகை கிடையாது. அமைதியாக இருக்கும்போது மூச்சை எண்ணிப் பழகிவைத்திருந்தால்தான் நெருக்கடியில் வித்தியாசம் தெரியும். நலமான பூனைக்குத் தூக்கத்தில் 30-க்குள் இருக்கும்.

12. அக்டோபருக்கு முன்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி அருகே கடந்தது. மரம் விழும், கரண்ட் போகும், கடை மூடும், தெருவில் தண்ணீர் நிற்கும். தினமும் மருந்து சாப்பிடும் பூனை உள்ள வீட்டுக்கு இது கணக்கில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியிலேயே ஒரு மாத மாத்திரை, தெள்ளு மருந்து, சிறுநீரகத் தீனி, சலைன், சிரிஞ்சு வாங்கிவையுங்கள். திறந்த கிளார்ஜின் இன்சுலின் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய சிறு மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ் கட்டியில் நேராக வைத்தால் உறைந்து வீணாகிவிடும்.

மழை மாதங்களில் பூனையின் படுக்கை ஈரம் பிடித்துப் பூஞ்சை கட்டும், துவைத்தது காயாது. மாற்றுத் துணி நாலைந்து தைத்து வையுங்கள். தெருவில் வெள்ளம் நிற்கும்போது வெளியே போய் வந்த பூனையின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். மருந்துப் பட்டியல், அளவு, டாக்டர் எண், கடைசி ரத்தச் சோதனைத் தாள், தடுப்பூசிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூனைக் கூடையின் பிடியிலேயே கட்டிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது பக்கத்து வீட்டுத் தம்பி தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தாலும், டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அந்த உறையிலேயே பதில் இருக்கும்.